குளத்துக்காக நிற்கலாமா? உள்ளாட்சி ஆசைக்காரர்களுக்குப் பதில்கள்

ஊராட்சிச் செயலராக 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேர்தலில் நிற்க ஆசைப்படும் இளவட்டங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மானூர் பக்கம், 24 வயது: அண்ணாச்சி, எங்க ஊர்க் குளத்துல சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. மடையும் உடைஞ்சு போச்சு. பிசான நெல்லுக்கே தண்ணி இழுபறி. அதுக்காகத்தான் தலைவருக்கு நிக்கப் போறேன். சரியா?

கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் குளம் யாருடையது என்று கேட்டாயா? ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தலைவர் தன் இஷ்டத்துக்கு ஒரு சட்டி மண் அள்ள முடியாது.

என் காலத்தில் இப்படித்தான் ஒரு பையன் ஜெயித்து வந்தான். முதல் மாதமே சொந்தக் காசில் ஜேசிபி கூட்டி வந்து கரையைச் சுத்தம் செய்தான். மறுநாள் நோட்டீஸ். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, “அப்போ என் கையில என்னதான் இருக்கு?” என்றான். தண்ணீர்த் தொட்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். குடிதண்ணீர், தெருவிளக்கு, வாறுகால் (சாக்கடை), குப்பை, ஊருக்குள் ரோடு. இவ்வளவும் அவன் கையில்தான். குளத்துக்குக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஒன்றிய ஆபீசுக்கு நடையாய் நடந்தான். மடை வர மூன்று வருடம் ஆனது. அதற்குள் வாறுகாலில் பேர் எடுத்துவிட்டான்.

அம்பை: எத்தனை வயசு ஆகணும்?

21 முடிந்திருக்க வேண்டும். 2021 அக்டோபர் தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பெண் தலைவரானார். அதே தேர்தலில் நம்ம சிவந்திபட்டியில் ஜெயித்தது 90 வயது ஆச்சி. வயதை விடு. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உன் பேர் இருக்கிறதா? வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இல்லையே? முதலில் அதைப் பார்.

வள்ளியூர்: எவ்வளவு செலவாகும்?

2021 தேர்தலில் தலைவருக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000. ஊரில் நடப்பது வேறு கணக்கு என்று உனக்கே தெரியும். வயலை அடகு வைத்து மட்டும் நிற்காதே. ஜெயித்தால் முதல் வேலை அதை மீட்பதாகத்தான் இருக்கும்.

களக்காடு: எங்க ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கீடு ஆயிட்டு. வீட்டுக்காரியை நிறுத்திட்டு வேலையை நானே பாத்துக்கிடலாம்லா?

கூடாது. செக்கில் கையெழுத்து தலைவருடையதும் துணைத் தலைவருடையதும். நீ செய்த கோளாறுக்கு, ஊராட்சிச் சட்டத்தின் 205-வது பிரிவில் பதவி நீக்கக் கலெக்டர் நோட்டீஸ் அவள் பேருக்குத்தான் வரும்.

மறுபடி களக்காடு: ஊர் நடைமுறை தெரியாமப் பேசாதீங்க. மோட்டார் ரிப்பேருன்னா பொம்பளையாளு ராத்திரி போக முடியுமா?

இதற்கு நான் வாய் திறக்குமுன் ராதாபுரம் பக்கத்து வார்டு உறுப்பினர் அம்மா ஒருவர் முந்திக்கொண்டார்: “மோட்டாருக்கு ஆபரேட்டர் இருக்காரு. அவருக்குப் போன் போட ஆம்பளை வேணுமா? எங்க பஞ்சாயத்துல தலைவி நாற்காலியில அவங்க வீட்டுக்காரர் உக்காந்தாரு. கூட்டத்துக்கு வந்த நாங்க நாலு பொம்பளையாளும் நின்னுக்கிட்டே இருந்தோம். அவர் எந்திரிச்ச பிறகுதான் உக்காந்தோம்.”

களக்காட்டுக்காரர் “அது அந்த ஊரு” என்றார். இன்னும் இரண்டு பேர் அவருக்கு வக்காலத்து. இதற்குமேல் இந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. அம்மா செய்ததே பதில்.

முக்கூடல்: எனக்கு 22. நிக்கலாமா?

மேலே இருக்கிறது. இதையே படிக்காதவர் ஃபைலை எப்படிப் படிப்பீர்?

சேரன்மகாதேவி: ஊருக்குச் சேவை செய்யணும்னு ஆசை. அப்பா குரூப் 4 எழுதுன்னு சத்தம் போடுதாரு.

எழுது. வேலை கிடைத்தால் நிற்க முடியாது, அவ்வளவுதான். அதுவரை கிராம சபைக்குப் போய் உட்கார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒன்றுக்கும் தலைகாட்டாதவன் சேவை என்றால் டீக்கடையிலேயே சிரிப்பார்கள்.

நாங்குநேரி: ரேஷன் கடையில எடை குறையுது...

அது கூட்டுறவு. தாலுகா ஆபீசில் வழங்கல் பிரிவுக்குப் போங்க.

மானூர் தம்பி, திரும்பவும்: விசாரிச்சுட்டேன் அண்ணாச்சி. ஆயக்கட்டு 62 ஏக்கர். ஒன்றியக் குளம்.

அப்புறம் தலைவருக்கு எதற்கு நிற்கிறாய்? ஒன்றியக் கவுன்சிலருக்கு நில். அங்கே கட்சிச் சின்னம் உண்டு, சுயேச்சையாகவும் நிற்கலாம். சரி, பட்டியலில் பேர் பார்த்தாயா?