வீடியோ சுத்துதா? கோர்ட்டு மேல பழியப் போடாதீங்க

டெக்சஸ்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "வீட்டுக்கு வந்த இன்டர்நெட் ஏஜென்ட், கோர்ட்டு நெட் நியூட்ராலிட்டிய தூக்கிருச்சு, இனிமே சாதா பிளான்ல வீடியோ மெதுவாத்தான் வரும், ஸ்ட்ரீமிங் பிளானுக்கு மாறிடுங்கன்னு டேப்லெட்ட நீட்டுறார். போன வாரத்துல இருந்து ராத்திரியில வீடியோ சுத்திட்டேதான் இருக்கு. மாறட்டுமா சார்?"

மாறாதீங்க. அந்த டேப்லெட்ல விரலே படக்கூடாது.

நெட் நியூட்ராலிட்டின்னா, இன்டர்நெட் கம்பெனி எந்த சைட்டையும் தடுக்கவோ மெதுவாக்கவோ கூடாதுங்கற விதி. அவர் சொன்னதுல பாதி நிஜம். 2025 ஜனவரி 2ம் தேதி ஆறாவது சர்க்யூட்ங்கற அமெரிக்க மேல்முறையீட்டு கோர்ட்டு, எஃப்சிசியோட (அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம்) ரூல் செல்லாதுன்னு சொல்லிருச்சு, டெலிபோன் கம்பெனிய நடத்துற மாதிரி பிராட்பேண்ட் கம்பெனிய நடத்த எஃப்சிசிக்கு அதிகாரம் இல்லைன்னு. ஆனா அது 2024ல போட்ட ரூல், கோர்ட்டு ஸ்டே குடுத்ததால ஒரு நாள் கூட அமலுக்கே வரல. அதுக்கு முந்தின ரூல் 2018 ஜூன்லயே போயாச்சு. 2018ல போன ரூல் போன வாரம் எப்படிங்க உங்க வீடியோவ மெதுவாக்கும்?

எஃப்சிசில இந்த ரூல 2015ல வச்சாங்க, 2017ல எடுக்க ஓட்டுப் போட்டாங்க, 2024ல திரும்ப வச்சாங்க, மூணு தடவையும் 3க்கு 2 ஓட்டு, ஆட்சி மாறினா ரூலும் மாறுது, நடுவுல நம்மள மாதிரி ஆளுங்க ஒவ்வொரு தடவையும் புதுசா விளக்கம் எழுதணும். கரண்டு, தண்ணி மாதிரி கட்டுப்படுத்துவோம்னு பேசினாங்களே, 2015லயே மாச பில்லுக்கு உச்சவரம்பு வைக்கிற பக்கம் அவங்க போகவே இல்ல.

இப்ப உங்க வேலைக்கு வருவோம். ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு நேரா கேபிள் போடுங்க. ராத்திரி 9 மணிக்கு சாதாரண ஸ்பீட் டெஸ்ட் ஒண்ணு, அப்புறம் ஃபாஸ்ட் டாட் காம், அது நெட்ஃப்ளிக்ஸோட சொந்த டெஸ்ட். கேபிள்ல ரெண்டும் நல்லா வந்தா உங்க வைஃபைதான் கோளாறு. ரெண்டும் படுத்தா ஏரியாவுல நெரிசலா இருக்கலாம். முதல் டெஸ்ட் நல்லா வந்து ஃபாஸ்ட் மட்டும் படுத்து, விபிஎன் (நீங்க எந்த சைட் பாக்குறீங்கன்னு கம்பெனிக்குத் தெரியாம மறைக்கிற ஆப்) போட்டதும் எகிறுச்சுன்னா, அப்பதான் சந்தேகப்படணும். உடனே எஃப்சிசில கம்ப்ளெய்ன்ட் போடுங்க, காசு கிடையாது, 30 நாளுக்குள்ள கம்பெனி பதில் சொல்லணும்.

ஏஜென்ட்டுக்கு கமிஷன், அவ்ளோதான் கதை. அவர்கிட்ட பிராட்பேண்ட் லேபிள் கேளுங்க, 2024ல இருந்து கட்டாயம், சாப்பாட்டு பாக்கெட்ல ஒட்டுறாங்களே அதே மாதிரி கட்டம் போட்டது. ஆரம்ப ரேட் எத்தனை மாசம், அப்புறம் எவ்ளோ, தனியா என்னென்ன ஃபீஸ் எல்லாம் அதுல இருக்கும். என் வீட்டுக்கு வந்த ஒருத்தர்கிட்ட கேட்டேன், டேப்லெட்ல சார்ஜ் இல்லன்னு கிளம்பிட்டார்.

சில மாநிலங்கள் விதிவிலக்கு, முக்கியமா கலிஃபோர்னியா. அங்க 2018லயே மாநிலமே தனிச் சட்டம் போட்டுருச்சு, எஸ்பி 822. கம்பெனிங்க கேஸ் போட்டாங்க, 2022 ஜனவரில ஒன்பதாவது சர்க்யூட் அதைத் தடுக்க மாட்டேன்னுருச்சு. தடுக்கிறது, மெதுவாக்குறது மட்டுமில்ல, காசு வாங்கிட்டு ஒரு ஆப்புக்கு மட்டும் டேட்டா ஃப்ரீன்னு குடுக்கறதும் அங்க ஆகாது. கம்பெனி ஹெட் ஆபீஸ் எங்க இருந்தாலும் கனெக்ஷன் அந்த மாநிலத்துல இருந்தா சட்டம் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது, நீங்க டெக்சஸ், இருந்தாலும் அங்க சொந்தக்காரங்க இருந்தா சொல்லி வைங்க.

டெஸ்ட் பண்ணிட்டு நம்பர எழுதி அனுப்புங்க, ரவுட்டர் வீட்ல எந்த மூலையில இருக்குன்னும் சேர்த்து.