ஊர் கடலுக்குள்ளே, எம்.பி. லண்டனிலே: டன்விச் தொகுதி பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: இங்கிலாந்தில் டன்விச் என்று ஒரு தொகுதி இருந்ததாம், வாக்காளர்கள் மொத்தமே 32 பேர்தானாம். நிஜமா, யாராவது கிளப்பிவிட்டதா?

நிஜம்தான். கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில், வட கடலை ஒட்டிய சின்ன ஊர் அது. எழுத்தைப் பார்த்து நாம் டன்விச் என்கிறோம், அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'டனிச்'. 1298 முதல் 1832 வரை இந்த ஊர் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. கடைசிக் காலத்தில், 1831 கணக்குப்படி, 44 வீடு, 232 ஜனம். அதில் ஓட்டுரிமை இருந்தது 32 பேருக்கு.

கேள்வி: இத்தனூண்டு ஊருக்கு எதற்கு இரண்டு எம்.பி.?

கொடுத்தபோது அது இத்தனூண்டு ஊர் இல்லையே! 12, 13ஆம் நூற்றாண்டுகளில் டன்விச் பெரிய துறைமுகம். மீன் பிடித்தார்கள், கப்பல் கட்டினார்கள், கடல் தாண்டி வியாபாரம் செய்தார்கள், ஊருக்குள்ளே பல மாதாகோவில்கள் இருந்தன. 1199இல் ஜான் மன்னரிடமிருந்து நகர உரிமைப் பட்டயமும் வாங்கிவிட்டார்கள். அப்புறம்தான் வினை வந்தது. ஊர் நின்றது மணலும் சரளைக்கல்லும் கலந்த மேட்டில், அலை அடித்தால் அப்படியே சரியும். 1286இலும் அடுத்த ஆண்டும் பெரும் புயல், 1328இல் இன்னொன்று. அந்த 1328 புயல் துறைமுக வாயையே சரளைக்கல்லால் அடைத்துவிட்டது, ஆற்றின் முகத்துவாரம் வடக்கே நகர்ந்து போனது, கப்பல்களும் அதன் பின்னாலேயே போயின. என்னைக் கேட்டால் வீடுகள் விழுந்ததைவிட ஊரைக் கொன்றது இதுதான். வீடு விழுந்தால் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், துறைமுகம் போனால் என்ன பிழைப்பு இருக்கிறது?

ஆனால் நாடாளுமன்ற இடம் ஜனத்தொகையைப் பார்த்துக் கொடுத்ததில்லை, நகரம் என்ற அந்தஸ்துக்குக் கொடுத்தது. தெருத்தெருவாகக் கடல் எடுத்துக்கொண்டு போனாலும் அந்தஸ்து காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

கேள்வி: தேர்தல் நாளில் படகில் போய், மூழ்கிப்போன ஊருக்கு மேலே நின்று ஓட்டுப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

நல்ல கதை, சொல்லவும் சுவையாக இருக்கும். ஆனால் ஊர் முழுக்க மூழ்கவில்லை. மேற்குப் பக்கம் மிச்சமிருந்தது, அந்த 44 வீடும் தரையில்தான் நின்றன. படகெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்ட மசாலா.

கேள்வி: 32 பேர்தானே, ஆளுக்கு நூறு பவுண்டு கொடுத்து யாரும் ஜெயித்துவிடலாமே?

யாரும் முடியாது, அங்கேதான் சூட்சுமம். ஓட்டுப் போடுகிறவர்கள் 'ஃப்ரீமேன்', அதாவது நகரத்தின் உரிமை பெற்ற ஆட்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்வது நகராட்சியின் கையில், நகராட்சி பெரிய மனிதர்களின் கையில். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டவுனிங் குடும்பத்தின் கொடி பறந்தது, பிற்பாடு பார்ன் குடும்பமும் வான்னெக் குடும்பமும் (ஹன்டிங்ஃபீல்டு பிரபு என்ற பட்டம் இவர்களுடையது) இரண்டு இடத்தையும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. போட்டி இருந்தால்தானே காசு கைமாறும்? அதோடு ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை அதிகாரி முன்னால் நின்று, யாருக்கு என் ஓட்டு என்று எல்லோர் காதிலும் விழ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய ஏஜென்ட் பக்கத்திலேயே நின்றால் யாருக்குத் தைரியம் வரும்?

கேள்வி: டவுனிங் என்றால் பிரிட்டிஷ் பிரதமர் குடியிருக்கும் அந்த 10, டவுனிங் தெருவா?

அதே வம்சம்தான். தெருவுக்குப் பெயர் கொடுத்தவர் தாத்தா. டன்விச்சுக்கு நெடுங்காலம் எம்.பி.யாக இருந்த மூன்றாம் பாரோனெட் (பரம்பரைப் பட்டம்) சர் ஜார்ஜ் டவுனிங் அவருடைய பேரன், 1749இல் இறந்தார். 15 வயதில் அவருக்குக் கல்யாணமாகி, தம்பதி சேர்ந்து வாழவே இல்லை, பிள்ளையும் இல்லை. சொத்து உறவினருக்குப் போகட்டும், அவர்களுக்கும் வாரிசு இல்லையென்றால் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி கட்டுங்கள் என்று உயில் எழுதிவைத்தார். கோர்ட்டு கேசு எல்லாம் இழுத்து முடிந்து 1800இல் உருவானதுதான் டவுனிங் கல்லூரி.

கேள்வி: நம் மெட்ராஸ் பணமும் இப்படிப்பட்ட தொகுதிகளில் விளையாடியது என்கிறார்களே?

டன்விச்சில் இல்லை, ஓல்டு சாரம் என்ற இன்னொரு பாழூரில். அது கடற்கரை ஊரும் இல்லை. இந்தியாவில் வியாபாரம் செய்து சம்பாதித்த தாமஸ் பிட் 1691இல் அந்த இடத்தை வாங்கினார், 1698இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக வந்தார். அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக எம்.பி. ஆனது அந்தத் தொகுதியிலிருந்துதான், பின்னாளில் நாட்டையே நடத்தியவர்.

கேள்வி: 1832 வரைக்கும் யாரும் கண்டுகொள்ளவே இல்லையா?

கண்டுகொண்டார்கள், கத்தவும் செய்தார்கள். ஒரு லட்சம் ஜனத்துக்கு மேல் இருந்த மான்செஸ்டருக்கு அப்போது தனி எம்.பி.யே கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டத்தை மாற்ற ஓட்டுப் போட வேண்டியவர்களே இந்தத் தொகுதிகளால் பிழைத்தவர்கள். கடைசியில் 1832 சீர்திருத்தச் சட்டம் 56 நகரத் தொகுதிகளை அடியோடு நீக்கியது. டன்விச்சும் போனது, அதே கரையில் இருந்த ஆல்ட்பரோவும் ஆர்ஃபோர்டும் கூடவே போயின. மூன்றுக்கும் சேர்த்து ஆறு எம்.பி.க்கள் இருந்தார்கள், நினைத்துப் பாருங்கள்!

கேள்வி: இப்போது போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா சார்?

இருக்கிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் மடத்தின் இடிந்த சுவர், 1832 வாக்கில் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம், ஒரு சின்ன அருங்காட்சியகம். பழைய ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் 1904 தொடங்கி 1919க்குள் துண்டு துண்டாக விளிம்பிலிருந்து விழுந்தது. அதன் கல்லறைகளும் சரிந்து, மண் சுவரில் எலும்பு நீட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டு. அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒற்றைக் கல் மட்டும் மேட்டோரத்தில் மிஞ்சியது. புயலடிக்கும் இரவில் கடலுக்கடியில் மணி கேட்கும் என்பது ஊர்ப்பேச்சு. இன்னொரு வேடிக்கை: எம்.பி. பதவி போன பிறகும் டன்விச் நகராட்சி மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கலைத்தது 1886இல்தான்.