துணை டீன் பதவியும் புத்தகமும்

வணக்கம் சார். என் மகள் கோலாலம்பூரில் அரசியல் அறிவியல் விரிவுரையாளர். துணை டீன் பதவிக்குக் கேட்டிருக்கிறார்கள். நிர்வாகத்துக்குப் போனால் எழுத்து அதோடு போச்சு என்று பயமாக இருக்கிறது. அரசியல் அறிவியல் பேராசிரியர் கே.ஜே. ரத்னம்கூட பினாங்கு யூஎஸ்எம்முக்கு (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) டீனாக வந்துதான் வீணாகிப் போனார் என்கிறார் என் கணவர். வேண்டாம் என்று சொல்லச் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி, கெலுகோர்

வணக்கம் அம்மா,

உங்கள் கணவர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலாயாவின் இனவாத அரசியலைப் பற்றிய ரத்னத்தின் புத்தகம் 1965இல் வந்தது. சரி, அதற்கு அப்புறம்? இன்னோர் அரசியல் அறிவியலாளரான ஆர்.எஸ். மில்னோடு சேர்ந்து சபா, சரவாக் அரசியலைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1974இல் வந்திருக்கிறது, அப்போது அவர் இருந்தது பினாங்கில்.

அந்த முதல் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 தேர்தலில் பதிவான வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் சுமார் 84 விழுக்காடு, சீனர்கள் 11, நம்மவர்கள் 5கூட இல்லை. குடியுரிமை விதிகள் தளர்ந்த பிறகு, 1959இல் இதுவே ஏறத்தாழ 57, 36, 7 என்று ஆகிவிட்டது. நாலு வருடத்தில் ஜனத்தொகையா அப்படி மாறிவிடும்? மாறியது யார் ஓட்டுப் போடலாம் என்ற விதி. இதை உட்கார்ந்து ஆராய்ந்த மனுஷனுக்கு, கமிட்டிக் கூட்டத்தில் ஒரு வரியைத் திருத்துவதும் அரசியல்தான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1969இல் தொடங்கிய யூஎஸ்எம்மில் மற்ற இடங்களைப் போல ஃபேக்கல்டி கிடையாது, 'புசாட் பெங்காஜியான்' என்ற கல்விப் பிரிவுகள்தான். அங்கே சமூக அறிவியல்களையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்த பிரிவுக்கு டீனாக இருந்ததை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். (கூட்டக் குறிப்பு படித்தே கண் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.)

எனக்குக் கவலை வேறு இடத்தில். 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தின்படி துணைவேந்தரை நியமிப்பவர் அமைச்சர், டீனை நியமிப்பவர் துணைவேந்தர். உங்கள் மகள் அந்த வரிசையில் போய் நிற்கப் போகிறார். 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது யூகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) மாணவர்கள் நாலு பேர் பிடிபட்டது நினைவிருக்கும். நாலு பேரும் அரசியல் அறிவியல் மாணவர்கள்! வகுப்பில் படிக்கும் தேர்தலை நேரில் போய்ப் பார்த்த இடத்தில், கட்சிக்கு ஆதரவு காட்டினார்கள் என்று ஒழுங்கு நடவடிக்கை. மாணவர்கள் கட்சிக்கு ஆதரவு காட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் இருந்த தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு 2012இலும் 2018இலும் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் மேலிருந்து ஒரு கடிதம் வரும், தான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை மீதே நடவடிக்கை எடு என்று. அன்றைக்கு அவர் என்ன செய்வார்? புத்தகம் நிற்குமா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

அதனால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லாதீர்கள். பாட நேரத்தை எவ்வளவு குறைப்பார்கள், எத்தனை வருடத்துக்குப் பதவி, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்னத்துக்கு மில்ன் இருந்த மாதிரி, கூட எழுத ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் நல்லது, அந்த ஆள் வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லையே: கல்விப் பிரிவா, ஆய்வா, மாணவர் விவகாரமா? எந்தத் துணை டீன் என்று கேட்டு எழுதுங்கள். மாணவர் விவகாரம் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும்.