முதல் ரெவ் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எச்ஐவியின் 9 கிலோபேஸ் (9,000 எழுத்து நீள) ஆர்என்ஏ வெட்டப்படாமலே உட்கருவை விட்டு வெளியேற ரெவ் புரதம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இன்ட்ரான் (வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) மிச்சமிருக்கும் ஆர்என்ஏவைச் செல் வெளியே விடாது என்றுதான் படித்திருக்கிறோம். ரெவ்வும் அதே வைரஸ் ஆர்என்ஏவிலிருந்துதானே வரவேண்டும்? அப்படியானால் முதல் ரெவ் எங்கிருந்து வந்தது?

எம்.

அன்புள்ள எம்,

முழுக்க வெட்டி ஒட்டப்பட்ட ஆர்என்ஏவிலிருந்து. அதில் இன்ட்ரான் இல்லை, ஆகவே செல்லின் வழக்கமான பாதையிலேயே வெளியேறிவிடும்.

செல்லின் டிஎன்ஏவில் பதிந்த வைரஸை ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 படியெடுப்பது ஒரே நீள ஆர்என்ஏவாகத்தான். முழுக்க வெட்டினால் சுமார் 2 கிலோபேஸ்: அதிலிருந்து டாட், ரெவ், நெஃப் புரதங்கள். அரைகுறையாக வெட்டினால் 4: என்வ், விஃப், விபிஆர், விபியு. வெட்டாத 9, காக், போல் புரதங்களுக்கும் புதிய வைரஸின் மரபணுத்தொகுதிக்கும். தொடக்கத்தில் சைட்டோபிளாசத்தை எட்டுவது அந்த 2 கிலோபேஸ் ஆர்என்ஏ மட்டுமே.

அங்கே உருவான ரெவ் உட்கருவுக்குத் திரும்பி, என்வ் பகுதியில் சுமார் 350 நியூக்ளியோடைடு நீளத்துக்கு மடிந்து கிடக்கும் ஆர்ஆர்இ என்ற ஆர்என்ஏ பகுதியில் உட்காருகிறது. ஒன்று போதாது, பல சேர வேண்டும். அதனால்தான் நீண்ட ஆர்என்ஏக்கள் வெளியேறத் தாமதம். பிறகு கிரம்1 ஏற்றுமதிப் புரதம், ரான்-ஜிடிபி துணையோடு, ஆர்என்ஏவை வெளியே கொண்டுபோகிறது. ஆர்ஆர்இ இருப்பது கடைசி இன்ட்ரானுக்குள். ஆகவே உதவி தேவைப்படும் ஆர்என்ஏக்களில் மட்டுமே அது மிஞ்சுகிறது. எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு தெரியாது.

இதற்கெல்லாம் அடிப்படை, வைரஸின் வெட்டு ஏற்பிடங்கள் (இன்ட்ரானின் கடைசி முனையில் வெட்டு விழும் இடங்கள்) வலுவற்றவை என்பது. அவற்றின் பிரிமிடின் (சி, யு எழுத்துகள்) வரிசைக்கு நடுவே பியூரின்கள் (ஏ, ஜி) குறுக்கிடுகின்றன. வெட்டைத் தடுக்கும் பகுதிகளும் பக்கத்திலேயே உண்டு. அவற்றை வலுவாக்கிப் பார்த்தால், ரெவ் வந்து சேருமுன்பே எல்லாம் வெட்டப்பட்டு, காக் குறைந்து, வைரஸ் பெருகாது.

ஆய்வகத்தில் லென்டிவைரஸ் வெக்டர் (செல்லுக்குள் மரபணுவை ஏற்றிச்செல்ல எச்ஐவி போன்ற வைரஸிலிருந்து உருவாக்கியது) தயாரிப்பவர்கள், செல்லில் போடும் நான்கு பிளாஸ்மிட்டில் (வளைய டிஎன்ஏ) ரெவ்வை விட்டுவிட்டால் டைட்டர், அதாவது கிடைக்கும் வைரஸின் அளவு, சரிந்துவிடும். செல்கள் பச்சையாக ஒளிர்வதை நம்ப வேண்டாம்: பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் வெக்டருக்குள்ளேயே இருக்கும் தனி புரோமோட்டரிலிருந்து (படியெடுப்பைத் தொடங்கும் இடம்) வருகிறது, அதற்கு ரெவ் தேவையில்லை. சைட்டோபிளாசத்தை மட்டும் பிரித்து ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து பாருங்கள். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட மறக்காதீர்கள், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயும் கூடவே ஓடட்டும். இல்லையென்றால் மிஞ்சிய பிளாஸ்மிட்டே வெட்டாத ஆர்என்ஏ போலத் தெரியும்.