ரத்தத்தில் ஆர்.என்.ஏ. பார்த்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. எனக்கு இப்போது 37. புரதம் தயாரிக்காத ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறதாம், ரத்தத்தில் அதைப் பார்த்தாலே புற்றுநோய் தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா? கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தேவையில்லையா? – வாசகர், ஈரோடு

பதில்: பாதி நிஜம். நம் மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான தகவல் 2 சதவீதம்கூட இருக்காது. மீதியைக் குப்பை என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது, ஆனால் அந்த மீதியிலிருந்தும் செல் ஏராளமான ஆர்.என்.ஏ.க்களை, அதாவது மரபணுத் தகவலின் நகல்களை, படியெடுக்கிறது. அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. ரொம்பப் பொடிசு, சுமார் 22 எழுத்து நீளம்தான். புரதத்துக்கான செய்தியைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு உற்பத்தியைக் குறைத்துவிடும். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்ட விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-ல்தான் நோபல் கிடைத்தது.

பெருங்குடல் கட்டிகளில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. எகிறிவிடுகிறது, கட்டியை அடக்கிவைக்கும் சில புரதங்கள் அதனால் குறைந்துபோகின்றன. மிர்-143, மிர்-145 இரண்டும் இறங்கிவிடுகின்றன. இது 2003-லேயே தெரியும். நீளமான ஆர்.என்.ஏ.க்களும் உண்டு: 8-வது குரோமோசோமில் இருந்து வரும் சிகேட்-2, செல்லைப் பெருகச் சொல்லும் மிக் மரபணுவைத் தூண்டிவிடுகிறது.

சரி, அப்படியானால் ரத்தத்தில் பார்த்தால் என்ன? மிர்-21 நுரையீரல், மார்பகப் புற்றுநோயிலும் கூடும், வெறும் அழற்சியிலும் கூடும். கூடியிருக்கிறது என்பதை வைத்து எங்கே, என்ன என்று சொல்ல முடியாது. மருந்தாக்குவதும் சுலபமாக இல்லை. மிர்-34 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போல் செய்த மருந்தின் பரிசோதனையை, நோயெதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகக் கிளம்பியதால் 2016-ல் பாதியில் நிறுத்தினார்கள். அதனால் ரத்தத்தில் ஆர்.என்.ஏ. பார்த்துப் புற்றுநோயைச் சொல்கிறோம் என்று வரும் ‘பேக்கேஜ்’ விளம்பரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

உங்களுக்குக் கொலனோஸ்கோபி கட்டாயம் வேண்டும். பெற்றோருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்பே, அல்லது 40-ல், எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 38. புற்றாக மாறக்கூடிய பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை) தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்தும் விடுவார்கள், எந்த ரத்தப் பரிசோதனையும் அதைச் செய்யாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை இருந்தால் 38 வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், அப்பாவுக்கு 50-க்கு முன்பே வந்ததால், குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், லிஞ்ச் நோய்க்குறிக்கான (இந்தப் புற்றுநோய்கள் பரம்பரையாக வரும் நிலை) மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.