சோப்பு வாசனை அடிக்கும் ரொட்டிச் சட்டி

கேள்வி: ரொட்டி சுட, மூடி போட்ட மண்சட்டி வாங்கி நான்கு மாதம் ஆகிறது. மெருகு பூசாத வெறும் மண். முதல் சில வாரம் பாத்திரச் சோப்பு போட்டுத்தான் கழுவினேன். அப்புறம்தான் பெட்டியில் இருந்த தாளைப் படித்து நிறுத்தினேன். போன மாதம் ஒரு ராத்திரி, நாங்கள் தூங்கிய பிறகு, மாமனார் அதைச் சோப்பு போட்டுத் தேய்த்து, ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது ரொட்டியில் சோப்பு வாசனை, சட்டிக்குள் பூசணம். கோபத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து மாமா சமையலறைப் பக்கமே வருவதில்லை, அதனால் இனி பிரச்சினை இல்லை. அத்தை தவறி ஒரு வருடம் ஆகிறது. சட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், சட்டியைச் சரிசெய்துவிடலாம். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பேச வேண்டும். 'மாமா சமையலறைப் பக்கமே வருவதில்லை, அதனால் இனி பிரச்சினை இல்லை.' இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா?

மனைவியைப் பறிகொடுத்த மனிதர். தூக்கம் வராமல் எழுந்து வந்திருப்பார். மாவு ஒட்டிய சட்டி கிடந்திருக்கும். காலையில் மருமகளுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று தேய்த்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதே சோப்பை நீங்களும் சில வாரம் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல ஒரு தாள் இருந்தது. அவருக்கு யார் சொன்னார்கள்? 'கொஞ்சம் சத்தம்' என்கிறீர்கள். கொஞ்சம் சத்தத்துக்கு யாரும் ஒரு மாதம் ஒதுங்கி இருக்க மாட்டார்கள். இப்போது தாகம் எடுத்தால் அவர் யாரைக் கேட்கிறார்? உங்கள் கணவர் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு உட்கார வைத்தால் பெரியவர்களுக்கான கடமை முடிந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் கைக்கு வீட்டில் ஒரு வேலை வேண்டும். அதில் தப்பு செய்யவும் இடம் வேண்டும்.

சரி, சட்டிக்கு வருவோம். மெருகு பூசாத மண் முழுக்க நுண்ணிய துளைகள். தண்ணீரை உறிஞ்சுவது போலவே சோப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சூடேறும்போது வெளியே விடும். பூசணம் பிடித்த இடத்தைச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பிரஷால் தேய்த்து அலசுங்கள். பிறகு சட்டி நிறைய வெந்நீர் ஊற்றி, இரண்டு மூன்று கரண்டி சோடா போட்டு, மூடியையும் அதேபோல் சோடா நீரில் ஊறவிடுங்கள். மறுநாள் நன்றாக அலசி, ஒரு நாள் காய வைத்து, சூடேறாத ஓவனில் வெறுமனே வையுங்கள். மெல்ல 200 டிகிரி வரை ஏற்றி, முக்கால் மணி நேரம் விட்டு, ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். வாசனை மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை செய்யுங்கள். அடியில் படியும் கருநிறம் எண்ணெயும் சூடும் சேர்ந்து வருவது. அதைச் சுரண்டாதீர்கள்.

கழுவிய சட்டி தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டு, மூடியைத் தலைகீழாக வைத்து, இடையில் ஒரு துணியோ காகிதமோ கொடுங்கள். பூசணம் வராது. சுட்ட சட்டியைக் குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் விரிசல் விடும். மரப்பலகையில் வையுங்கள்.

இன்று சாயங்காலமே மாமாவிடம் போய், 'நானும் சோப்புதான் போட்டேன் மாமா, உங்களிடம் சொல்லாதது என் தப்பு' என்று சொல்லுங்கள். மகனை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். கத்தியது நீங்கள்.

அப்புறம், அடுத்த முறை மாவு பிசையும் நாளில் சட்டியையும் மூடியையும் 15 நிமிடம் தண்ணீரில் ஊறவைக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். சட்டியைத் துடைத்து, அடியில் ரவை தூவி, மாவை வைத்து மூடி, சூடேறாத ஓவனில் வைத்து 230 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஊறிய சட்டி சூடான ஓவனுக்குள் போகக் கூடாது, உடைந்துவிடும். மண் விடும் ஆவி உள்ளேயே நிற்பதால் மேல் ஓடு சீக்கிரம் இறுகாது, ரொட்டி முழுசாக எழும்பும். முக்கால் மணி நேரம் போனதும் மூடியை எடுத்தால், அடுத்த 10, 15 நிமிடத்தில் மேலே சிவந்து வரும்.

அந்த மூடியை எடுக்க மாமாவைக் கூப்பிடுங்கள். கைக்கு மடித்த துணி கொடுங்கள், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆவி சுடும்.