கெட்டி போர்டு அடிக்க எந்த ஆஃப்செட் மெஷின் வாங்கலாம்?

300ல இருந்து 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்ங்கற எடைக் கணக்கு) போர்டு, நாலு கலர், முக்கால்வாசி அட்டைப்பெட்டி வேலை, செகண்ட் ஹேண்ட் மெஷின்தான் பாக்கறேன்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல ஜிஎஸ்எம் கணக்கை கொஞ்சம் ஓரமா வைங்க, மெஷினுக்கு தடிமன்தான் முக்கியம். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு 0.3 மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும், அதே 300ல எஃப்பிபி போர்டு (ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு, அட்டைப்பெட்டிக்கு போடறது) எடுத்தா 0.45ஐ தாண்டிடும். அதனால விக்கறவர் "400 தாராளமா ஓடும் சார்"னு சொன்னா எந்த போர்டுல 400னு கேளுங்க, கையில ஒரு மைக்ரோமீட்டர் வெச்சுக்கிட்டு நீங்க அடிக்கப்போற போர்டை அளந்துட்டு போங்க.

அடுத்தது சிலிண்டர் சைஸ், என்னைக் கேட்டா மொத்த முடிவும் இங்கதான் இருக்கு. சின்ன மெஷின்ல இம்ப்ரெஷன் சிலிண்டரும் (ஷீட்டை சுமந்து அழுத்தம் குடுக்கற உருளை) பிளேட் சிலிண்டரும் (பிளேட்டை மாட்டற உருளை) ஒரே சைஸா இருக்கும், ஷீட் அந்த சின்ன வட்டத்தை சுத்தி வளைஞ்சுதான் ஆகணும், மெல்லிசு பேப்பர்னா பிரச்சனை இல்ல, கெட்டி போர்டு நிமிரத்தான் பார்க்கும், அப்போ ஷீட்டோட முன்விளிம்பை கவ்விப் புடிக்கற கிரிப்பர்ல இருந்து இழுபடும், வால் பக்கம், அதாவது ஷீட்டோட கடைசி விளிம்பு, படார்னு அடிக்கும், பின்பக்கம் கீறல் விழும், ரிஜிஸ்டரும் (நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரறது) நிக்காது. டபுள் டயாமீட்டர் இம்ப்ரெஷன் சிலிண்டர் இருந்தா வளைவு பாதியாயிடும், இன்னொரு லாபம், ஷீட்டோட வால் வரைக்கும் அடிச்சு முடிச்ச பிறகுதான் அடுத்த கிரிப்பர் கைமாத்தி வாங்கும். சின்ன சிலிண்டர்ல பாதி ஷீட் இன்னும் பிளாங்கெட்டுக்கு (மையை ஷீட்டுக்கு மாத்தற ரப்பர் விரிப்பு) அடியில இருக்கறப்பவே அடுத்த கிரிப்பர் முன்பக்கத்தை புடிச்சு இழுக்கும், டாட் டபுள் ஆகறது (ஒரே புள்ளி ரெண்டா விழறது) பல நேரம் அதனாலதான்.

ஹைடல்பெர்க் கம்பெனி மெஷின்லயே போர்டு தடிமன் பாத்தீங்கன்னா எஸ்எம் 52 - 0.4, எஸ்எம் 74 - 0.6, எஸ்எம் 102 - 0.8, சிடி 102 - 1 மில்லிமீட்டர் வரைக்கும் போகும். பெட்டி வேலைக்கு சிடி 102 மாதிரி மெஷின் எடுங்க, ரோலண்ட் 700, கேபிஏ ராபிடா 105 இதெல்லாம் அந்த வகைதான். கம்பெனிக்காரன் போட்டிருக்கற உச்ச அளவுல தினமும் ஓட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க, உங்க போர்டு 0.6னா 0.6 மெஷின் வாங்காதீங்க, அதுக்கு மேல ஒரு படி போங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டத்துல அடிக்கற பெர்ஃபெக்டர் மெஷின் போர்டுக்கு வேண்டாம், பெர்ஃபெக்டிங்ல தடிமன் லிமிட் குறையும், பெட்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் அடிச்சா போதும்ல.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காத விஷயம் பைல் உயரம், அதாவது ஷீட் அடுக்கோட உயரம். 0.5 போர்டுல 1000 ஷீட்டே 50 சென்டிமீட்டர், ஒரு 10,000 ஷீட் வேலைன்னா ஃபீடர்ல (ஷீட் உள்ள போற பக்கம்) ஏத்தறதும் டெலிவரில (வெளிய வர்ற பக்கம்) இறக்கறதுமாவே நாள் போயிடும், மெஷின் ஸ்பீடு எவ்வளவு இருந்து என்ன. மேடை கட்டி தூக்கி வெச்ச மெஷினோ மெஷினை நிறுத்தாம அடுக்கு மாத்தற நான்ஸ்டாப் வசதியோ கிடைச்சா விடாதீங்க. அடிச்சதுக்கு மேல கோட்டிங் பூசற கோட்டிங் யூனிட் இருந்தா ரொம்ப நல்லது, ஈர மை அடுத்த ஷீட்ல ஒட்டாம இருக்க பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்காது.

பழைய மெஷின்னா பிளாங்கெட்டை கழட்டி சிலிண்டர்ல அமுங்கின இடம் இருக்கான்னு கையால தடவிப் பாருங்க, ரெண்டு மூணு போர்டு ஒட்டிக்கிட்டு உள்ள போய் நசுங்கின மெஷின்ல அந்த பள்ளம் இருக்கும், சாலிட் (முழுக்க மை நிரப்பற இடம்) அடிக்கறப்போ அங்க மட்டும் வெளுத்துப் போகும். கிரிப்பர் நுனி தேஞ்சிருக்கா, ஸ்பிரிங் எல்லாம் ஒரே டைட்டா இருக்கான்னும் பாத்துக்கோங்க.

ட்ரையலுக்கு அவங்க பேப்பர் வேண்டாம், உங்க போர்டையே எடுத்துட்டு போங்க. கிரெய்ன் (போர்டுல நார் ஓடற திசை) சிலிண்டரோட நீளவாக்குல வர்ற மாதிரி வெட்டினது ஒரு கட்டு, குறுக்கால வர்றது ஒரு கட்டு. நாலு கலர் ரிஜிஸ்டர் மார்க்கும் சன்னமான கோடும் இருக்கற பிளேட் போட்டு 50 ஷீட் அடிச்சு, அதே ஷீட்டை திரும்ப ஃபீடர்ல வெச்சு மறுபடி ஓட்டச் சொல்லுங்க. லென்ஸ் வெச்சு பாத்தா கோடு ஒண்ணா விழுந்திருக்கா ரெண்டா பிரிஞ்சிருக்கான்னு தெரிஞ்சிடும், குறிப்பா வால் பக்கம் ரெண்டு மூலையிலயும் பாருங்க. குறுக்கு கிரெய்ன் கட்டுலயும் கோடு ஒண்ணா நின்னா அப்புறம் விலை பேச உக்காருங்க.